கோயிலுக்கு வாங்கின ஒல்லிப் பெட்டி

தம்பி, அந்த லேப்டாப்பை மடியில வைக்காதீங்க. சொன்னாக் கேளுங்க, முன்னால தட்டு இருக்குலா, அதுல வைங்க. ஒல்லியா இருக்கேன்னு நம்பி மடியில வச்சிருக்கிய. இப்ப ஒண்ணும் தெரியாது. ரயில் கோவில்பட்டி தாண்டட்டும், தோசைக்கல்லு மாதிரி ஆயிரும். இன்னும் கல்யாணம் ஆகலைன்னு வேற சொல்லுதிய.

சிரிக்காதீங்க. பட்டவ சொல்லுதேன். அதுல எத்தனை ஓட்டை இருக்கு? பக்கத்துல பாருங்க, ஒயர் சொருகுத ஓட்டை. ரெண்டா? பரவாயில்லயே. எங்க கோயில் பெட்டிக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒரு ஓட்டையில என் மானமே போச்சு.

எங்கன இறங்கணும் நீங்க? தாம்பரமா? அப்ப நேரம் கிடக்கு.

என் பேரு ஹெப்சிபாள். உடன்குடிப் பக்கம் ஜெயநேசபுரம். ஆரம்பப் பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியையா இருக்கேன். ஹெப்சி டீச்சர்னு கேட்டா பஸ்ஸ்டாண்டுல நிக்க ஆட்டோக்காரன்கூட வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருவான். எங்க கோயில் கமிட்டியில முதமுதல்ல வந்த பொம்பளை நான்தான். சர்ச்சைத்தான் நாங்க கோயில்னு சொல்லுவோம். பாதிரியாரை ஐயர்னுவோம். நீங்க குழம்பிரக் கூடாதுன்னு முன்னாலயே சொல்லிட்டேன். அதிகம் பேசுத பழக்கம் எனக்குக் கிடையாது. எங்க வீட்டுக்காரரும் பேச மாட்டாரு. அவரு கல்யாணத்துக்கு முன்னால நல்லாப் பேசுவாராம், அவங்க அக்கா சொல்லுவாவ. பிறகு என்ன ஆச்சோ.

கோயில்ல பாட்டு வரிகளைச் சுவர்ல பெரிசாக் காட்டுவோம். புரொஜெக்டர் இருக்கு. அதுக்கு இருந்த பழைய கம்ப்யூட்டர் கிறிஸ்துமஸோட செத்துப் போச்சு. புதுசு வாங்கணும்னு கமிட்டி கூடுச்சு. பொருளாளர் குணசிங் அண்ணன் எந்திரிச்சாரு. சிமெண்டுக் கடை வச்சிருக்காரு, நல்ல மனுசன்தான், ஆனா ரசனைன்னா என்னன்னு தெரியாது. "என் கடையில இருக்க மாதிரி ஒண்ணு வாங்கிருவோம். பத்து வருசமா உழைக்குது, எதை வேணாலும் சொருகலாம்"னாரு.

அவரு கடை லேப்டாப்பை நீங்க பாக்கணும். செங்கல்லு. அது மேல ஒரு படலம் சிமெண்டுத் தூசி உக்காந்திருக்கும். ஒரு பொத்தான் கழண்டு போய் அந்த இடத்துல பேனா மூடியை ஒட்டி வச்சிருக்காரு. அதைத் திறந்தா உள்ள இருக்க காத்தாடி, ரைஸ் மில்லு மாதிரி ஓடும். அதையாக்கும் கோயிலுக்குச் சொல்லுதாரு.

நான் விடுவேனா? "பக்கத்து ஊர்க் கோயில்ல ஐயரு ஒல்லியா ஒரு பெட்டியை விரிச்சு வச்சுத்தான் பிரசங்கமே பண்ணுதாரு. நாம மட்டும் இளப்பமா? ஆண்டவருக்குச் செய்யுததை அழகாச் செய்யக் கூடாதா?"ன்னு கேட்டேன். ஆண்டவர் பேரை எடுத்துட்டா அப்புறம் எவன் எதிர்த்துப் பேசுவான்? கையைத் தூக்கிட்டாவ.

வாங்குததுக்குத் திருநெல்வேலிக்கு நானும் குணசிங் அண்ணனும்தான் போனோம். கடையில இருந்த பையன் அதை ரெண்டு விரலால தூக்கிக் காட்டினான். அப்புறம் ஒரு பழுப்புக் கவரை எடுத்து, பெட்டியை அதுக்குள்ள விட்டு, வெளிய எடுத்து, "பாத்தீங்களா மேடம், கவருக்குள்ள போயிரும்"னான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

"எதுக்குல கவருக்குள்ள போகணும்? தபால்லயா அனுப்பப் போறோம்?"னு கேட்டாரு குணசிங் அண்ணன்.

அந்தப் பையன் முன்னால எனக்கு எவ்வளவு வெக்கமாப் போச்சு தெரியுமா?

முதல் ஞாயித்துக்கிழமை ஐயரு அதுக்கு ஜெபம் பண்ண, நாங்க ரிப்பன் வெட்டி வச்சோம். எல்லாரும் வந்து தொட்டுப் பாத்துட்டுப் போனாவ. அப்புறம் மாசிலாமணி அண்ணாச்சி வந்தாரு. எங்க ஊர் மைக்செட்டுக்காரரு. கோயில் மைக்கு, புரொஜெக்டரு எல்லாம் அவரு பொறுப்பு. கழுத்துல மாலை மாதிரி ஒயரு தொங்கும். புரொஜெக்டர் ஒயரு ஒரு கையில, பென்டிரைவ் ஒரு கையில, மவுசைப் பல்லுல கடிச்சுக்கிட்டு வந்தவரு, பெட்டியை எடுத்து இப்படித் திருப்பினாரு, அப்படித் திருப்பினாரு, குப்புறப் போட்டுப் பாத்தாரு. பிள்ளையைக் குளிப்பாட்டுத மாதிரி.

"டீச்சர், இதுல எங்கன சொருக?"

ஒரே ஒரு ஓட்டை. அதுவும் சார்ஜருக்கு உள்ளது. அதுலயும் இவரு கையில இருக்க எதுவும் போகாது, ஓட்டையும் ஒல்லி. அன்னைக்குப் பாட்டுப் புஸ்தகம் இல்லாம வந்த சனம் பூரா வாயை மட்டும் அசைச்சுட்டுப் போச்சு.

மறுபடியும் திருநெல்வேலி. அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டே, "அதுக்கு ஒரு ஹப் இருக்கு மேடம்"னான். ஒரு முனையை ஓட்டையில சொருகினா மறுமுனையில ஏழெட்டு ஓட்டை வரும். குணசிங் அண்ணன் அதுக்கு ஒட்டுவால்னு பேரு வச்சாரு. ஊரெல்லாம் அதே பேரு ஆயிட்டு. புரொஜெக்டருக்கு இன்னொரு குட்டி வாலு. சத்தத்துக்கு ஒரு வாலு. பெட்டி என்னமோ ஒல்லிதான். அதுகூட வந்த வாலுகளை வைக்க எங்க வீட்டுக்காரரோட சாப்பாட்டுக் கூடையைக் குடுத்தேன். கூடையைத் தூக்க ஒரு ஆளு வேணும்.

அப்புறம் அந்தத் திரை. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். கடையில பாத்தப்ப நல்லாத்தான் இருந்துது. கோயில்ல சன்னல் பக்கம் வச்சா, பாட்டைத் தேடுதவங்களுக்குத் தன் மூக்குதான் தெரியும், அதுக்குப் பின்னால சீலிங் ஃபேன் சுத்துததும் தெரியும். பொத்தானாவது ஒழுங்கா இருக்கான்னா, அப்பளத்து மேல தட்டுத மாதிரி. அழுந்துச்சா இல்லையான்னு விரலுக்குத் தெரியாது. ஒரு நாள் நான்தான் பாட்டை அடிச்சேன். ஒரு உகரம் விழல. ஆட்டுக்குட்டி, ஆட்டுக்கட்டி ஆயிட்டு. சுவர்ல அத்தாம் பெரிசா "ஆட்டுக்கட்டியே"ன்னு நிக்கு. எங்க சனம் இருக்கே, அதை அப்படியே பாடுச்சு தம்பி. பக்தியோட. குணசிங் அண்ணன் மட்டும் ஒவ்வொரு தடவையும் சத்தமாப் பாடினாரு. வேணும்னே.

குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு நல்ல வெயில். பெட்டிக்குள்ள காத்தாடி கிடையாது. அது இருந்தா குண்டாயிருமாம். பாட்டுக்கு நடுவுல சூடேறி அதுவா அணைஞ்சு போச்சு. மாசிலாமணி அண்ணாச்சி என்ன செஞ்சாரு தெரியுமா? கையில இருந்த குருத்தோலையால அதுக்கு விசிற ஆரம்பிச்சிட்டாரு. ஆண்டவரை வரவேற்க வச்சிருந்த ஓலை. ஆராதனை முடியுத மட்டும் ஒரு பக்கம் ஐயரு பிரசங்கம், ஒரு பக்கம் இவரு விசிறுதாரு. பிள்ளைங்க பூரா இவரைத்தான் பாத்துச்சு.

"அண்ணாச்சி, நாளைக்கு வேற ஏற்பாடு பண்ணிருவோம்"னேன்.

"இருக்கட்டும் டீச்சர். பாவம், அதுக்கு மூச்சு முட்டுது"ன்னாரு. அவரு சுபாவம் அப்படி. மைக்கு கீச்சுன்னு கத்தினாக்கூட அதைத் திட்ட மாட்டாரு, தட்டிக் குடுப்பாரு.

ஈஸ்டர் முடிஞ்சு கொஞ்ச நாள்ல அவரு போயிட்டாரு.

மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கட்டில்ல சாஞ்சவரு எந்திரிக்கல. பெஞ்சாதி முன்னாலயே போயாச்சு. ஒரே மகன், ஆல்வின். என்கிட்ட ஒண்ணாப்பு படிச்ச பிள்ளை. குவைத்துல ஏதோ கம்பெனியில வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. லீவு கிடையாதுன்னுட்டாவ. பாஸ்போர்ட்டும் அவிய கையில. அவன் என் போனுக்குத்தான் கூப்பிட்டான். ஆம்பளைப் பிள்ளை அழுதா ஒரு சத்தம் வரும் பாருங்க, இருமுத மாதிரி.

"டீச்சர், அப்பா முகத்தை ஒரு தடவை பாக்கணும் டீச்சர். பெட்டியை மூடுததுக்கு முன்னாடி."

"ஏலே, அழாத. முகத்தை என்ன, எல்லாத்தையும் நீ அங்கன இருந்தே பாப்ப. நம்ம கோயில்ல இருக்கது சாதாரணப் பெட்டின்னு நினைச்சியா?"ன்னு வாக்குக் குடுத்தேன்.

அவனுக்கு வேலை நேரத்துல கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாதாம். அவன் மேலதிகாரி ஒரு மலையாளத்துக்காரரு, நல்ல மனுசன், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து பாத்துக்கோன்னு சொல்லியிருக்காரு. ஒரு லிங்க் அனுப்பினான். நாங்க இங்க ஒல்லிப் பெட்டியில அதைத் திறந்தா அவன் அங்க பாக்கலாம். போன்லயே காட்டிரலாமேன்னு ரெண்டு மூணு பேர் சொன்னாவ. கேட்டா ஒத்துக்க முடியுமா? போன்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம், பிடிக்கவன் கை வேற ஆடும். கல்யாணத்துக்குப் படம் பிடிக்க கோயில்ல அத்தாம் பெரிய கேமரா வாங்கி வச்சிருக்கோம். அதைப் பெட்டியில மாட்டினா பையன் பக்கத்துல நிக்குத மாதிரிப் பாப்பான். சரின்னுட்டாவ.

கேமரா ஒயரு நேரா அந்த ஓட்டையில போயிட்டு. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். ஆனா அப்ப சார்ஜரை எங்கன போட? கேமராவை மாட்டினா சார்ஜர் இல்ல, சார்ஜரைப் போட்டா கேமரா இல்ல. அந்த ஒட்டுவாலைப் போட வேண்டியதுதானேன்னு கேப்பிய. அது எங்கன இருக்குன்னு தெரிஞ்ச ஒரே மனுசன் பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. இது சவப்பெட்டி. கூடையைக் கவுத்திப் பாத்தோம், மைக்செட் ரூமைத் துழாவினோம், கிடைக்கல.

"சார்ஜ் நாள் பூரா நிக்கும்னு கடைக்காரப் பையன் சொல்லியிருக்கான்"னேன். அவன் பேச்சை நம்பினது தப்பா?

கோயில்ல உக்கார இடமில்ல. எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் மைக்கு கட்டினவருலா. லேப்டாப்புத் திரை மூலையில ஆல்வின் முகம் தெரிஞ்சுது. நீல நிற கம்பெனிச் சட்டை, தலையில இருந்த தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சிருந்தான். அண்ணாச்சி முகத்தைக் கிட்டத்துல காட்டுததைக் கடைசிக்குன்னு வச்சிருந்தோம். ஐயரு ஜெபம் பண்ணினாரு, பிரசங்கம் பண்ணினாரு. அவரு கொஞ்சம் நீட்டினாரு. அப்புறம் குணசிங் அண்ணன் இரங்கல் சொன்னாரு. அவரும் நீட்டினாரு, சிமெண்டு மூட்டையை இறக்குத மாதிரி ஒவ்வொரு வார்த்தையா.

பிறகு என்னைக் கூப்பிட்டாவ. நான் ரெண்டு வார்த்தைதான் பேசினேன். அண்ணாச்சி முதமுதல்ல ஒரு குழாய் ஸ்பீக்கரைச் சைக்கிள்ல கட்டிக்கிட்டு ஊருக்குள்ள வந்த கதை. கிறிஸ்துமஸ் நாடகத்துல தேவதூதன் வேஷம் போட்டவனுக்கு மைக்குல ஷாக் அடிச்சு அவன் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னது. அது ஊர் பூரா கேட்டது. அதுக்கு அண்ணாச்சி ஐயர்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போய், ரெண்டு பேரும் சிரிச்சு உருண்டது. அவரு பெஞ்சாதி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தப்ப, அவரு ஒரு கல்யாண வீட்டுல மைக்கு கட்டிட்டு இருந்தாரு. ஆம்பளைப் பிள்ளைன்னு சேதி வந்ததும் மைக்கைப் பிடுங்கி மாப்பிள்ளை பொண்ணை விட்டுட்டுத் தன் பிள்ளை பிறந்ததை அறிவிச்சாரு. வந்த சனம் பூரா கை தட்டுச்சு. அப்புறம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. அப்புறம் புயல் அடிச்சப்ப அவரு மைக்குல ஊரை எழுப்பினது. இதெல்லாம் சொல்லாம அடக்கம் பண்ண முடியுமா?

நான் பேசிட்டு இருக்கேன், முன்வரிசையில குணசிங் அண்ணன் கையைக் காட்டுதாரு. வாட்சைத் தொடுதாரு. பெட்டியைக் காட்டுதாரு. தான் பேசினப்ப எவனும் அழலை, நான் பேசுதப்ப சனம் சிரிக்கு, அழுது. மனுசனுக்குப் பொறாமை இருக்கத்தான் செய்யும். பெட்டியைப் பாத்துப் பேசச் சொல்லுதாரு போலன்னு நானும் அண்ணாச்சியைப் பாத்தே மிச்சத்தைப் பேசி முடிச்சேன்.

அவரு காட்டினது லேப்டாப்பையாம்.

நான் வந்து உக்காருதேன், திரை கறுப்பா ஆயிட்டு. பொத்தானை அமுக்கினா ஒரு சின்னப் பாட்டரிப் படம் சிவப்பா வந்து கண்ணைச் சிமிட்டிட்டுப் போயிட்டு. கேமராவைப் பிடுங்கிட்டுச் சார்ஜரைச் சொருகினா எந்திரிக்க மாட்டேங்கு. சட்டியில கை வைச்ச மாதிரிக் கொதிக்கு. ஆறினாத்தான் எந்திரிக்குமாம். "சவம்!"னு வாயில வந்துட்டு. நான் கோயில்ல வச்சு அந்த வார்த்தையைச் சொல்லிட்டேன், பக்கத்துல உண்மையான சவம் இருக்க.

அந்தப் பக்கம் பெட்டியை மூட ஆளு வந்துட்டு. கல்லறைக்கு நேரமாச்சுலா.

"மூடாதிய!"ன்னு கத்தினேன். மைக்கு இல்லாமலே தெருவுக்குக் கேட்டுச்சாம். "அந்தப் பிள்ளை முகத்தைப் பாக்காம மூடினா நான் சும்மா இருக்க மாட்டேன்."

பிள்ளைங்க தங்கள் போன்ல அந்த லிங்க்கைத் தட்டுதுங்க. ஆப்பை இறக்குன்னு கேக்கு. இறக்கினா பாஸ்வேர்டு கேக்கு. பாஸ்வேர்டைப் போட்டா நீ ரோபோவான்னு கேக்கு. எவனுக்கும் ஓடல. அப்பத்தான் குணசிங் அண்ணன் எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. ஓடினாரு. அறுபதைத் தாண்டின மனுசன், சக்கரை வேற, நடு வெயில்ல செருப்பு இல்லாம கடைக்கு ஓடுதாரு.

திரும்பி வந்தப்ப அந்தச் செங்கல்லு கையில இருந்துது. அவரு மூச்சும் அதோட காத்தாடியும் ஒரே மாதிரி இரைஞ்சுது. பலிபீடத்துப் படியில வச்சுத் திறந்தாரு. திறந்தா, அது என்ன சொல்லுது தெரியுமா? அப்டேட் ஆகுதாம், தன்னைப் புதுப்பிக்குதாம். அணைச்சிராதீங்கன்னு எழுதிட்டு ஒரு வட்டம் சுத்துது.

ஐயரு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். "பாட்டுப் பாடுவோம்"னாரு.

எங்க சனம் எந்தப் பாட்டுலயும் ரெண்டு சரணத்துக்கு மேல பாடினது கிடையாது. அன்னைக்கு முழுசாப் பாடுச்சு. முடிஞ்சதும் இன்னொரு பாட்டு. வட்டம் சுத்துது. இன்னொரு பாட்டு. எந்தப் புஸ்தகமும் இல்லாம, சுவர்ல எழுத்தும் இல்லாம, தெரிஞ்சவங்க பாட, தெரியாதவங்க பின்னாலயே இழுத்துக்கிட்டுப் போனாவ. பெட்டியை மூட வந்த ஆளுங்க மூடியைச் சுவர்ல சாச்சு வச்சிட்டு அவியளும் பாடினாவ. குணசிங் அண்ணன் மட்டும் பாடல, வட்டத்தையே பாத்துட்டு இருந்தாரு.

வட்டம் நின்னுச்சு. ஆடிட்டரோட முகம் பாத்துப் பேச அவரு வச்சிருந்த ஆப்பு அதுல இருந்துது. தட்டினதும் ஆல்வின் வந்துட்டான். அதே நாற்காலி, அதே தொப்பி கையில. அவன் எந்திரிச்சே போகல. கறுத்துப் போன திரையைப் பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான்.

குணசிங் அண்ணன் அந்தக் கனத்தை ரெண்டு கையிலயும் தூக்கி அண்ணாச்சி முகத்துக்கு மேல பிடிச்சாரு. கை இறங்கிக்கிட்டே வருது. நான் அவரு முழங்கைக்குக் கீழ என் கையைக் குடுத்துத் தாங்கினேன். பையன் ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம், "மூடலாம் டீச்சர்"னான்.

கல்லறை கொஞ்ச தூரம். கிளம்புததுக்கு முன்னால குணசிங் அண்ணன் சட்டைப் பையில இருந்து இன்னொரு பாட்டரியை எடுத்து மாட்டினாரு. அந்தக் காலத்துப் பெட்டியிலதான் பாட்டரியைக் கழட்டி மாட்டலாமே. திரும்பத் திறந்து, பையனைத் திரும்பக் கூப்பிட்டாச்சு. வெயில்ல திரை தெரியாதுன்னு நான் குடை பிடிச்சேன். முன்னால சவப்பெட்டி போகுது, பின்னால நாங்க ரெண்டு பேரும் ஒரே குடைக்குள்ள. எங்க வீட்டுக்காரரு பின்னால அந்தக் குடையையே பாத்துக்கிட்டு வந்தாரு. கல்யாணத்துக்குக்கூட அவரு எனக்குக் குடை பிடிச்சது கிடையாது.

குழி ஓரத்துல நின்னு குனிஞ்சு காட்டினப்ப குணசிங் அண்ணனுக்குக் கால் வழுக்கிருச்சு. நான் சட்டைக் காலரைப் பிடிக்கலைன்னா அன்னைக்கு ரெண்டு அடக்கம். பையன் பெட்டிக்குள்ள இருந்து, "டீச்சர், என் பேர்ல ஒரு பிடி மண்ணு"ன்னான். போட்டேன். நான் போட்டது போதாதுன்னு நினைச்சாரோ என்னமோ, குணசிங் அண்ணனும் பெட்டியை என் கையில குடுத்துட்டு ஒரு பிடி போட்டாரு. அப்பா, என்ன கனம் அது! தோளே இறங்கிப் போச்சு.

அடுத்த கமிட்டியில எல்லாரும் என் மேலதான் பாஞ்சாவ. பெட்டி மேல குத்தமே இல்லைன்னு நான் சொல்லல. ஒல்லியா இருந்தாப் போதும்னு ஒருத்தன் செஞ்சு வச்சா, அதை வாங்குதவ என்ன செய்ய? ஆனா மத்தவங்க பிரசங்கத்தைச் சுருக்கியிருந்தா அது தாங்கியிருக்கும்லா? ஐயரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. குணசிங் அண்ணன் என்னமோ சொல்ல வந்துட்டு, கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பிச்சாரு. கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னுட்டான். கடைசியில அறுப்பின் பண்டிகையில ஏலம் விட்டுரலாம்னு முடிவாச்சு.

அறுப்பின் பண்டிகை நீங்க பாத்திருக்க மாட்டிய. வீட்டுல விளைஞ்சது, வளந்தது எல்லாத்தையும் கோயிலுக்குக் கொண்டாந்து வைப்போம். பூசணி, வாழைத்தார், முருங்கைக்காய், கோழி, ஆடு. ஆராதனை முடிஞ்சு வாசல்ல ஏலம் விடுவாவ. வேணும்னே விலையை ஏத்தி விடுவாவ, பணம் கோயிலுக்குத்தானே.

அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆல்வின் வந்துட்டான். லீவு கிடைச்சிட்டு. கல்லறைக்குப் போயிட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான். காப்பியைக் குடிச்சுட்டு, "டீச்சர், நான் பிறந்ததை அப்பா மைக்குல சொன்னது எனக்குத் தெரியாது"ன்னான். "அப்பா என்கிட்ட ஒண்ணும் சொன்னது இல்ல. நீங்க சொல்லித்தான் அன்னைக்குக் கேட்டேன். நிறுத்திருவியளோன்னு பயந்துக்கிட்டே கேட்டேன்."

பாத்தியளா? அதைத்தான் நானும் சொல்லுதேன். ஒரு மனுசன் போனா நாலு விசயம் விவரமாச் சொல்லணும். மறுநாள் காலையில முதல் வேலையா இதைக் குணசிங் அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். அவரு, "நல்லது டீச்சர்"னுட்டு வாழைத்தாரை எண்ணப் போயிட்டாரு.

ஏலம் விடுதது வருசா வருசம் அவருதான். அன்னைக்கு நல்ல உற்சாகம். ஒரு முட்டைக்கோழியை ஆட்டு விலைக்கு ஏத்திவிட்டாரு. பெட்டி வந்துது. ரெண்டு விரலால தூக்கிக் காட்டினாரு, அந்தக் கடைப் பையன் மாதிரியே. "ஐயா, அம்மா, பாத்துக்கோங்க. கவருக்குள்ள போகும், கதவிடுக்குல போகும். ஒயரு மட்டும் போகாது. முட்டை போடுத கோழி மாதிரியே, இதுக்கும் எல்லாத்துக்கும் ஒரே ஓட்டைதான்"னாரு. சனம் விழுந்து விழுந்து சிரிக்கு. ஐயரு திரும்பி நின்னுக்கிட்டாரு. எனக்கு எரிச்சல். விளையாட்டுக்கு ஒருத்தன் ஒரு பூசணிக்காய் விலை கேட்டான். இன்னொருத்தன் அதுக்கு மேல ஒரு தேங்காய் விலை.

பின்னால இருந்து ஆல்வின் ஒரு விலை சொன்னான். சனம் சிரிப்பை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்துச்சு. நாங்க கடையில வாங்கின விலையை அப்படியே சொல்லுதான்.

எனக்குத் தாங்கல. எந்திரிச்சேன். "ஏலே ஆல்வின், கோட்டி பிடிச்சிருக்கா? அது ஒண்ணுக்கும் ஆகாது. சூடாகும், அணையும், எழுத்து விழாது. அந்தக் காசுக்கு ரெண்டு நல்லது வாங்கலாம்"னேன். நானே வாங்கின பெட்டி, இருந்தும் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் டீச்சர்"னான். கிட்ட வந்தான். "அப்பா கோயிலுக்குள்ள படுத்திருந்ததை நான் இதுலதான் பாத்தேன். அணையுத வரைக்கும் பாத்தேன்லா. எனக்கு வேணும்."

குணசிங் அண்ணன் அதை ரெண்டு விரல்ல பிடிச்சிருந்தவரு, ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டாரு. "ஒரு தரம்"னாரு. யாரும் கேக்கல. "ரெண்டு தரம்"னாரு.

அப்புறம் சத்தத்தைக் காணோம். மைக்கு போச்சோன்னு பாத்தேன், மைக்கு நல்லாத்தான் இருக்கு. மனுசன் வாயைத் திறக்காரு, மூடுதாரு. காலையில இருந்து அந்தக் கத்து கத்தினா தொண்டை கட்டத்தானே செய்யும்? வெயில் வேற, எனக்கே கண்ணெல்லாம் கரிச்சுக்கிட்டு வந்துட்டு. சனம் பூரா அப்படியே நிக்கு. ஆல்வின் கையை நீட்டிக்கிட்டு நிக்கான். இப்படியே எவ்வளவு நேரம் நிக்க?

நான்தான் போய் அவரு கையில இருந்து மைக்கை வாங்கி, "மூணு தரம்"னேன்.